விழுந்த இடத்தில் நிற்கும் வெள்ளைப் பையன்

அன்று மத்தியானம் கடற்கரை ஊரான பேசாலையில் அக்காவின் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: கதிரையில் அக்கா, வாசற்படியில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்த அத்தான், சீமெந்துத் தரையில் பாய் விரித்து நான், என் ஐந்து வயது மகள் மரியா. நாலு பேர். என் கணவர் லீவு கிடைக்காமல் நோர்வேயிலேயே நின்றுவிட்டார். வெளியே வேப்பமர நிழலில் இரண்டு கழுதைகள் அசையாமல் நின்றன. சோறு போட எழும்பிய அக்கா விளையாட்டாகக் கேட்டாள்: "எத்தனை பேர் சாப்பிடப்போறம், மரியாக் குஞ்சு?" மடியிலிருந்த டாப்லெட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் மகள் சொன்னாள்: "அஞ்சு." ஐந்தாவது ஆள் யாரென்று அக்கா கேட்டபோது டாப்லெட்டைத் திருப்பி, திரையில் நின்ற ஒரு வெள்ளைப் பையனைக் காட்டினாள். அக்காவின் சிரிப்பு அதோடு நின்றது.

அது ஒரு பாய்ந்தோடும் விளையாட்டு. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சிறு பையன் திட்டுக்குத் திட்டு தாவிப் போகவேண்டும். தவறினால் கீழே கடல். இரத்தமில்லை, கத்தலில்லை, ஒரு குமிழிச் சத்தம் மட்டும். அடுத்த நொடியே அவன் துவக்கத்தில் வந்து நிற்பான். ஆனால் இந்தமுறை அவனோடு இன்னொருவனும் ஓடுவான். போனதடவை நீங்கள் ஓடிய அதே ஓட்டத்தை அப்படியே ஓடி, விழுந்த அதே இடத்தில் விழுந்து, பிறகு அந்த விளிம்பிலேயே நிற்கும் ஒரு வெள்ளைப் பையன். எங்கே பிழைவிட்டோம் என்று பிள்ளைக்குக் காட்டுவதற்கு அப்படிச் செய்திருக்கிறார்களாம். நாலாவது கட்டத்தில் மரம் இல்லை, வீடு இல்லை. சாம்பல் கடலில் தாழ்வான மணல்மேடுகள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக.

இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியை நான் நோர்வேயிலிருந்தே சுமந்து வந்தேன். நாங்கள் இருப்பது வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுக ஊர். நான் அங்கே மீன் பதனிடும் இடத்தில் கழுவித் துடைக்கும் வேலை செய்கிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவள், அதனால் எதற்கும் பயப்படுகிறேன் என்று கணவர் சொல்வார். இருக்கலாம். விளையாட்டின் படத்துக்குப் பக்கத்தில் 3 என்று போட்டிருந்தது, மூன்று வயதிலிருந்து விளையாடலாமாம். அந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு இலக்கம் இருக்கிறது, இலக்கம் இருந்தால் பெற்றோர் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். நானும் கொண்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிரிக்கேக்குப் போகும்வரை. பிரிக்கே என்பது அவர்களின் படகுத்துறை. கட்டிநின்ற படகுக்கும் மேடைக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி. மகள் என் கையை உதறிவிட்டு முழங்காலை மடித்துத் தாவ ஆயத்தமானாள். கோட்டின் தொப்பியில் பிடித்து இழுத்தேன். அவள் பயப்படவேயில்லை. "விழுந்தா திரும்பத் துவக்கத்திலயிருந்து வருவன்தானே, அம்மா?" என்றாள்.

அடுத்தநாள் நூலகத்தில் விளையாட்டுகள் இரவல் கொடுக்கும் பெண்ணிடம் போனேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், "மகள் விழுகிறாள், அதுதான் எனக்குப் பயம்" என்றேன். அவர் அன்பாகச் சிரித்தார். "விளையாட்டில் எல்லாப் பிள்ளைகளும் முதலில் விழும். பொறுமையாக விடுங்கள், பழகிவிடும்." நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பிறகு மகள் பார்னஹாகேக்கு, அதாவது பாலர் பள்ளிக்குப் போன ஒரு முற்பகலில் குசினி மேசையில் தனியே இருந்து நானே விளையாடிப் பார்த்தேன். என் விரல்கள் விறைத்தவை, நேரத்துக்குத் தாவ வராது. திரும்பத் திரும்ப விழுந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை நிறைய வெள்ளைப் பையன்கள், விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒருவன். நான் விட்ட பிழைகளெல்லாம் எனக்கு முன்னால் ஓடி, ஒவ்வொன்றாக விழுந்து, விளிம்புகளில் நின்றன. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன், இருந்தும் எழுந்துபோய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

இதையெல்லாம் அன்று பேசாலையில் சொன்னபோது அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். "பேயை நோர்வேயிலயிருந்து கட்டிக்கொண்டு வந்தனீயே பிள்ளை? இஞ்ச எங்களிட்ட இருக்கிறது காணாதெண்டோ?" அக்கா சிரிக்கவில்லை. மகளின் தோளுக்கு மேலால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுற பிள்ளை திரும்பி வருது. இதில என்ன பிழை கண்டனீ?" என்று கேட்டாள்.

"அதுதான் பிழையக்கா. விழுந்தாத் திரும்பி வரலாமெண்டு இவள் நம்புறாள்."

"நானும் நம்பிக்கொண்டுதானே இருக்கிறன்."

மகளின் மடியிலிருந்து குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா சொன்னது எங்கள் அண்ணன் யூட்டைப் பற்றி. போர்க்காலத்தில் அம்மா எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் புறப்பட்டார். அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பத்து, எனக்கு ஆறு. விடியும் முன்னம் வள்ளக்காரர் எங்களை இறக்கி, "இதுதான் இந்தியாக் கரை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். வெளிச்சம் வந்தபோதுதான் தெரிந்தது, அது கரையல்ல, தீடை. தீடை என்றால் கடலுக்கு நடுவே கிடக்கும் மணல்திட்டு. நாலு பக்கமும் தண்ணீர். அடுத்த தீடையில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவருவதாக அண்ணன் போனான். இடுப்பளவு தண்ணீர்தான். போய் ஏறினான், கையசைத்தான். திரும்பும்போது உச்சி வெயில், நீர் ஏறியிருந்தது. கடல் முழுவதும் வெள்ளைத் தகடாகக் கண்ணைக் கூசவைத்தது, அதற்குள் அவனும் வெள்ளையாகத் தெரிந்தான். வழி மாறி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஆழமான பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடலைப் பார்த்து ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கடல் அந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும் என்பார்கள். தொழிலுக்குப் போன ஆளைக் கரைக்கு அழைக்க வேண்டுமானால் துணியை அசைப்பார்கள். அக்கா "யூ" என்று தொடங்கியதுமே அம்மாவின் கை அவள் வாயைப் பொத்தியது. மற்றக் கையால் சேலைத் தலைப்பை உயர்த்தி வீசினார், வீசிக்கொண்டே இருந்தார். சேலையைக் காண அவன் முகம் எங்கள் பக்கம் இருக்கவேண்டும். பெயரைக் கேட்க அது தேவையில்லை. பிறகு அந்த வெள்ளைக்குள் அவன் இல்லை. பின்னேரம் இந்திய மீனவர்கள் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மண்டபம் அகதி முகாமில் அம்மா கடைசிவரை சொன்னது ஒன்றுதான்: பெயரைக் கொடுக்கவில்லை, அதனால் கடல் அவனை வைத்திருக்காது.

சாப்பிட்டு முடிந்ததும் மகள் வெள்ளைப் பையனைக் காட்டிக் கேட்டாள்: "இவனுக்குப் பேர் இல்லையா?" நான் ஏதாவது சொல்வதற்குள் அக்கா, "யூட்" என்றாள். கடலுக்கு எதிரில் இல்லை, வீட்டுக்குள்தான். ஆனாலும் அத்தானின் ஊசி வலையில் அப்படியே நின்றது. மகள் தலையாட்டிவிட்டு விளையாடினாள். கொஞ்சம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "யூட்டுக்குத் தான் விழுந்தது தெரியாது அம்மா. அதுதான் திரும்பத் திரும்பப் பாயுறான்" என்றாள். நான் அண்ணனைப் பற்றி அவளிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அடுத்தநாள் எல்லோரும் தலைமன்னார் போனோம். பிள்ளைக்கு உண்மையான கடலைக் காட்டியே சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருந்தேன். பழைய இறங்குதுறைக்கு அப்பால், மணலில் குந்தியிருந்து அவள் தோள்களைப் பிடித்தேன்.

"இதில விழுந்தாத் துவக்கம் இல்லை. ஒருத்தரும் திரும்பி வரேலாது. விளங்குதா?"

"யூட்?"

"அது விளையாட்டில. உண்மையான யூட் மாமா இருந்தவர். அம்மாவின்ர அண்ணா. அவர் வரேல்லை."

அவள் கடலைப் பார்த்தாள், பிறகு என்னை, பிறகு அக்காவை. "நீங்கள் கூப்பிட்டனீங்களா?"

நான் மணலைப் பார்த்தேன். அத்தான் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் நின்றார். மகள் கடலுக்குத் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, பார்னஹாகேயில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுபோல நீட்டிக் கூப்பிட்டாள்: "யூ…ட்!" அக்காவின் கை தானாக எழுந்து மகளின் வாய்வரை போனது. தொடாமல் அங்கேயே நின்றது. அந்தக் கை அம்மாவின் கையாக இருந்தது, அதே மடிப்புகள். பிறகு மெல்ல இறங்கியது. காற்றும் விழுந்திருந்தது. வெயில் தண்ணீரில் தகடாகக் கிடந்தது. "பாத்தியா, ஒருத்தரும் இல்லை, வா போவம்" என்றேன். அக்கா அசையவில்லை.

"கொஞ்சம் பொறு" என்றாள். "இப்பதானே கூப்பிட்டிருக்கு."

நாங்கள் பொறுத்தோம்.

இப்போது நோர்வேக்குத் திரும்பிவிட்டோம். இந்த விளையாட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும் புலம்பெயர்ந்த தாய்மாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: விளையாட்டில் போட்டிருக்கும் இலக்கத்தை நம்பி அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள். முதலில் நீங்கள் விளையாடி விழுந்து பாருங்கள். பிறகு பக்கத்தில் இருங்கள், பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நான் விளையாட்டை அழிக்கவில்லை. போனகிழமை பிரிக்கேயில் அந்தக் கறுப்பு இடைவெளிக்கு முன்னால் மகள் தானாகவே நின்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இஞ்ச விழக்கூடாது, என்னம்மா? இஞ்ச வெள்ளையா வந்து நிக்கேலாது." அவளுக்கு விளங்கிவிட்டது. அவளைப் பற்றிய பயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஆனால் நாலாவது கட்டத்தை அவள் முடிக்க மறுக்கிறாள். முடித்தால் வெள்ளைப் பையன் மறைந்துவிடுவானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீடியோவில் வருவாள். எங்கள் சுகம் கேட்க முதல், "நிக்கிறானா?" என்று கேட்பாள். மகள் டாப்லெட்டைத் தூக்கி ஃபோனுக்கு முன்னால் பிடிப்பாள். அவன் ஓடுவான், தாவுவான், விழுவான், விளிம்பில் வந்து நிற்பான். அக்காவுக்குப் பின்னால் பேசாலைக் கடலின் இரைச்சல் ஃபோனுக்குள்ளால் கேட்கும். என் ஜன்னலுக்கு வெளியே இந்த ஊர்க் கடல். நடுவில், கண்ணாடிக்குள், மணல்மேட்டில் அவன். போன ஞாயிறு மகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அங்கிருந்து அக்காவும் கூப்பிட்டாள், கடைசியில் என் வாயும் திறந்துகொண்டது. அந்தப் பெயரைக் கேட்டு அவன் வந்தால், எந்தக் கரைக்கு வருவான் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.