படத்துக்குப் பின்னால் எழுதிய வரி

முதலாளியின் இணையத்தளத்தில் முதலில் போட்ட படம் இன்று அங்கே இல்லை. ஆனால் என் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்கப் போகும் அவருடைய நீலப் போட், நிறைய ஆட்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஒருவர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. தளத்தைச் செய்தவள் நான்தான். கண் தெரியாதவர்களின் போன், திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும்; படம் என்றால் விழிக்கும். அதனால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவைப்பது என் வழக்கம். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, போனில் கேட்கிறவர்களுக்குக் கேட்கும். கண்டதை எழுதினேன்: நிறைந்த போட், சிரிக்கும் பயணிகள், யாரும் லைஃப் ஜாக்கெட் அணியவில்லை.

முதலாளி ஒரு சந்தேகப் பிராணி. டீசல் கானை மோந்து பார்த்த பிறகுதான் வாங்குவார். நான் கணினி முன்னால் கூட நேரம் இருந்தால், பக்கத்துப் போட்காரருக்கும் ஏதோ செய்து கொடுக்கிறேன் என்று நினைப்பார். அப்படிப்பட்டவருக்குச் சிலாபத்திலிருந்து ஒரு ஐயா போன் எடுத்தார். கண் பார்வை இல்லாதவர், மனைவியோடு கடலுக்கு வர ஆசைப்பட்டவர். உங்கள் போட்டில் யாரும் லைஃப் ஜாக்கெட் போடுவதில்லையா என்று கேட்டிருக்கிறார். யார் சொன்னது என்று முதலாளி சீற, "உங்கட வெப்சைட்தான் சொல்லுது" என்றாராம்.

முதலாளி போனும் கையுமாக என்னிடம் வந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார், எழுத்து எதுவும் இல்லை. வாசிக்கும் குரலைப் போட்டுக் காட்டினேன். ஒரு பெண்குரல் அவருடைய போட்டைப் பற்றிக் கணீரென்று சொன்னது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"கண்ணுக்குத் தெரியாம எழுதி ஒளிச்சு வெச்சிருக்கு. இது இஸ்மு வேல, புள்ள. ஆரு எழுதித் தந்த?"

இஸ்மு என்றால் ஓதி எழுதிய தாயத்து. காவலுக்கென்று போட்டின் முன்பக்கத்தில் கட்டுவார்கள்; ஆகாதவன் போட்டில் கெடுதலுக்கு ஒளித்துவைப்பார்கள் என்றும் எங்கள் கரையில் கதை உண்டு. பக்கத்துப் போட்காரர்தான் என்னைக் கொண்டு வைத்துவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டார் முதலாளி. அசர் தொழுத கையோடு பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிற லெப்பையிடம் ஓதின தண்ணீர் வாங்கிவந்து போட்டில் தெளித்தார். என் மடிகணினிக்கும் தெளிக்க வந்தார், தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "எல்லாரும் போட்டிருக்காங்க எண்டு மாத்தி எழுது."

"படத்தில இல்லாதத எப்படி எழுதுற, முதலாளி?"

"கண் தெரியாத மனிசன். அவருக்கு என்ன தெரியவா போகுது?"

கண் உள்ளவன் படத்தைப் பார்த்துத் தானே முடிவெடுப்பான். ஐயா என் ஒரு வரியை நம்பித்தான் மனைவியோடு நடுக்கடலுக்குப் போக வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று, மாட்டேன் என்றேன்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். அந்தக் கிழமைக்குள்ளேயே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் வந்து இறங்கின. ஆட்களுக்கு மாட்டிவிட்டுப் புதுப்படம் எடுக்கச் சொன்னார். படத்துக்காக இரவல் வாங்கியிருப்பாரோ, எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தப் படத்துக்கும் கண்டதைக் கண்டபடி எழுதினேன். அதைக் கேட்டுவிட்டு ஐயா வருவதாகச் சொன்ன அன்று விடியவே துறைக்குப் போய் நின்றேன்.

ஜாக்கெட்டுகள் இருந்தன. போட்டில் ஏறிய பயணிகள் எல்லாரும் போட்டிருந்தார்கள். ஐயா மட்டும் லேசில் நம்புகிற ஆளாக இல்லை. "குறை நினைக்காதீங்க, ஒருக்காத் தொட்டுப் பாக்கிறன்" என்று மனைவியில் தொடங்கி ஒவ்வொரு தோளாகத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனார். அங்கே எஞ்சினுக்குப் பக்கத்தில், போட்டை ஓட்ட முதலாளி நின்றார். ஐயாவின் கை அவருடைய சேர்ட்டில் பட்டு நின்றது.

"முதலாளிதானே? வெப்சைட் சொன்னது சரிதான்."

முதலாளி கரையில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். "புள்ள, என்னயும் எழுதினியா?"

"ஓம் முதலாளி. நீங்க வெறும் சேர்ட்டோடதானே படத்தில நின்டீங்க."

ஐயா அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க விழுந்தா, எங்கள ஆரு கரைக்குக் கொண்டு வாறது?"