இரண்டு மணி ரீடிங்

அப்பா இறந்து பதினோரு நாளாகிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கிறார்கள். "ஒரு தப்புப் பண்ணாத மனுஷன்." நேற்று மாமாவும் சொன்னார். அப்பா உயிரோடு இருந்தவரை மாமா அவரைப் "புகைக்கூண்டு" என்றுதான் கூப்பிட்டார். செத்துப்போனால் உடனே பதவி உயர்வு போலிருக்கிறது.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பிழையே காட்டாத கருவி ஒன்று என் மேசைக்கு வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அப்பா தப்புப் பண்ணினார். அதில் ஒன்றை நானே பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா பாய்லர்காரர். ஆறு குடியிருப்புக் கட்டடங்களுக்குக் குளிர்காலம் முழுவதும் சூடு அனுப்பும் பாய்லர், தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில் இருந்தது. அதன் எதிரே உட்கார்ந்து மணிக்கு ஒருமுறை அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் மூன்றையும் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையில் அவருக்கிருந்த கர்வத்தை ஒரு கப்பல் தலைவனிடம்கூடப் பார்க்க முடியாது. அந்த ஆறு கட்டடத்தில் யார் தும்மினாலும் தன்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தார். யாரும் கேட்டதில்லை. பாய்லருக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

வசந்தம் வந்ததும் பாய்லரை அணைத்துவிட்டு உள்ளே சுத்தம் செய்ய ஆள் விடுவார்கள். அப்பாவுக்கு ஆறு வாரம் வீட்டிருப்பு. மற்ற வருடங்களில் அந்த ஆறு வாரமும் எங்களைத் திருத்துவதில் போகும். அந்த வருடம், தம்பியைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். அம்மா ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைகள் வெட்டும் சமயம், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஆக, ஒன்றே முக்கால் வயதுச் சின்னவன் அப்பாவின் கைக்கு வந்தான்.

"பாத்துப்பீங்களா?" என்றாள் அம்மா.

"அறுநூறு பேரைக் குளிர்ல சாகாம வச்சவன் நான். ஒரு பொடியனைப் பாத்துக்க மாட்டேனா?"

"உங்க பாய்லர் ஓடாதுங்க. இது ஓடும்."

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அன்றைக்கே ஒரு நீளமான நோட்டு வாங்கி வந்து கோடு போட்டார். உள்ளே, வெளியே, வெப்பம், குறிப்பு. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை மணிக்கு ஒரு கட்டம். அம்மா வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நோட்டை நீட்டுவார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு. ஷிப்ட் மாறுது." அவர் வாயை அடைக்க வேறு வழியில்லாமல் அவளும் போடுவாள்.

குறிப்புகள் இன்னும் எனக்கு மனப்பாடம். "10 மணி. கசிவு. துடைக்கப்பட்டது." "12 மணி. சத்தம் அதிகம். காரணம் தெரியவில்லை. தானாக நின்றது." ஜன்னல்களைத் திறந்து வைத்த நாட்கள் அவை, எதிர் மரத்திலிருந்து பஞ்சு மாதிரி விதைகள் பறந்து வந்து வீடெல்லாம் உருளும். சின்னவன் தவழ்ந்தும் ஓடியும் அதைத் துரத்துவான். அதற்கும் ஒரு வரி: "3 மணி. வெளிப்பொருள் வாயில். அகற்றப்பட்டது." அதைப் படித்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில் கையெழுத்துக் கோணிப்போனது. சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாய்லர் நன்றாக ஓடும் நாட்களில் எண்கள் மணிக்கணக்காக மாறாது. எனவே ஒன்பது மணிக்கே மீதி ஷிப்ட் முழுவதற்கும் ரீடிங் எழுதி வைத்துவிட்டுக் காலை நீட்டுவார்கள். மூன்று ஷிப்டிலும் எல்லாரும் செய்தார்கள். சோதனைக்கு வருகிற அதிகாரி, கட்டம் எதுவும் காலியாக இல்லாமலிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். காலிக் கட்டத்துக்கு மெமோ உண்டு. பொய் எண்ணுக்கு எதுவும் கிடையாது. "முன்னாடியே முடிச்சு வைக்கிறது" என்பார் அப்பா, அது ஏதோ சுறுசுறுப்பு மாதிரி.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. காலையில் இரண்டு தடவை வாந்தியும் எடுத்தான். அப்பாவோ, சுத்தம் செய்த பாய்லரைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள் என்று முந்தைய இரவு முழுவதும் கூடத்தில் நின்றுவிட்டு ஏழு மணிக்குத்தான் வந்திருந்தார். கண் இரண்டும் செங்கல் நிறம்.

"நான் இன்னைக்குப் போகலைங்க. மேஸ்திரி திட்டினா திட்டிட்டுப் போறான்," என்றாள் அம்மா.

"போ போ. எனக்கு ஒண்ணும் இல்ல."

"கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கணும். உப்பும் சர்க்கரையும் போட்டுக் கரைச்சு வச்சிருக்கேன். மூத்திரம் போறானான்னு பாத்துக்குங்க. தூங்கிடாதீங்க."

"யார்கிட்ட சொல்ற? என்னிக்காவது என் ஷிப்ட்ல பாய்லர் வறண்டிருக்கா?"

அம்மா போனாள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா மேசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் பையை எடுக்கப் போனபோது அவர் பேனா இரண்டு மணிக் கட்டத்தில் இருந்தது. உள்ளே: 60 மி.லி. வெளியே: சிறுநீர், சாதாரணம். வெப்பம்: 37.

"அப்பா, ரெண்டு மணி இன்னும் வரலையே?"

"வரும். எங்க போயிடப் போகுது? நீ ஸ்கூலுக்கு ஓடு."

மூன்று மணிக்கு நான் திரும்பி வந்தேன். பால்கனியில் நல்ல வெயில். அப்பா தரையில் பாயைப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுவதும் வெயில் படாத அந்த முகம், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. பக்கத்தில் சின்னவன். அவனும் தூக்கம் என்று நினைத்தேன். தொட்டால் கொதித்தது. உதடு காய்ந்து தோல் எழும்பியிருந்தது. காலையில் அம்மா கட்டிவிட்ட துணி காய்ந்தபடியே இருந்தது. கரைசல் சொம்பில் அப்படியே நிறைந்திருந்தது.

அப்பாவை உலுக்கினேன். எழுந்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். அதற்குப் பிறகு அவர் முதலில் செய்த காரியம், உள்ளே போய் நோட்டைப் பார்த்தது. மூன்று மணிக் கட்டம் எழுதியிருந்தது: 37, சாதாரணம். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மூடி வைத்தார்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவந்த அம்மா அடுத்த கால் மணியில் உள்ளே நுழைந்தாள். "ஐயோ, என்னடா கண்ணா" என்று சின்னவனை வாரித் தூக்கினாள். அப்பா, "இப்பதான் கொஞ்சம் சூடு ஏறிச்சு," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் பங்கு அது.

அம்மாதான் நோட்டையும் எடுத்துக்கொண்டாள். "டாக்டர் கேப்பாங்க, எப்ப என்ன குடிச்சான்னு."

குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் சின்னவனின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"ரொம்ப வாடிப்போயிருக்கானே. காலையிலிருந்து தண்ணி இறங்கிச்சா?"

அம்மா நோட்டைப் பெருமையாக நீட்டினாள். டாக்டர் விரலை வைத்துப் படித்தார். பத்து, அறுபது மில்லி. பதினொன்று, அறுபது. இரண்டு மணிக்குச் சிறுநீர். மூன்று மணிக்குச் சிறுநீர்.

"யாரு எழுதினது?"

"இவருதான் டாக்டர்."

"எல்லா அப்பாவும் இப்படி இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்," என்றார் டாக்டர். "தண்ணி குடிச்சிருக்கான், மூத்திரமும் சரியா போயிருக்கான். காய்ச்சல்ல அசந்து தூங்கறான் போல. இந்த மருந்து குடுங்க. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க."

அப்பா வாயைத் திறப்பார் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பாராட்டுக்குத் தலையை ஆட்டினார் என்றுகூடச் சொல்லலாம். அறையை விட்டு வெளியே வந்தோம். நீளமான நடையைக் கடந்தோம். வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கும் வந்துவிட்டோம். அங்கேயும் பஞ்சு விதைகள் பறந்துகொண்டிருந்தன. ஒன்று சின்னவனின் கன்னத்தில் ஒட்டியது. அவன் அதைத் தட்டக்கூட இல்லை.

அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "உங்களை எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன். நல்லவேளை எழுதி வச்சீங்க."

"பத்து மணியிலேர்ந்து எல்லாம் பொய்," என்றார் அப்பா.

"என்னது?"

"தூங்கிட்டேன். தண்ணியே குடுக்கல. எல்லாம் காலையிலயே எழுதினது."

அம்மாவுக்கு அது மண்டையில் ஏறுவதற்கு முன், அப்பா பிள்ளையை அவள் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கால் இரண்டும் வெளிப்பக்கம் வீச, வாத்து மாதிரி ஓடினார்.

வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே போய் அதையே டாக்டரிடமும் சொன்னார். இருபது பேர் கேட்கும்படி டாக்டர் கத்தினார். "அந்த நோட்டைப் பாத்துத்தானே நான் வீட்டுக்கு அனுப்பினேன்! தெரியலைன்னு சொல்லியிருந்தா என் கண்ணை நம்பியிருப்பேன். நீங்க என்ன, பரீட்சையா எழுதறீங்க?" நர்ஸ் வந்தாள். ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினாள். மூன்றாவது குத்தலுக்குத்தான் சின்னவன் அழுதான். கண்ணீர் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

"மூத்திரம் போனா உடனே சொல்லுங்க. அதுவரைக்கும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "பாய்லருக்கும் இப்படித்தான் எழுதினீங்களா, இத்தனை வருஷமும்?"

"எல்லாரும் எழுதறதுதான்."

"நான் எல்லாரையும் கேக்கல."

அப்பா, "ஆமா," என்றார்.

ஆறு இருபதுக்கு அப்பா "ஏய்" என்று கத்தினார். சின்னவன் அவர் பேண்ட்டை நனைத்திருந்தான். நர்ஸ் துணியோடு வந்தாள். "இருங்க, அசைக்காதீங்க, இன்னும் போறான்," என்றார் அப்பா. முழங்கால்வரை ஈரத்தோடு, யாரோ பரிசு கொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்போதும் அம்மா அவர் பக்கம் வரவில்லை. ஆனால் டாக்டரைக் கூப்பிட அவள்தான் ஓடினாள்.

ட்ரிப்ஸ் முடிந்ததும் அன்றிரவே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போவாளா என்று எனக்கு நிச்சயமில்லை. சின்னவனைத் தன்னோடு தையல் கூடத்துக்கே தூக்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தலையை வாரினாள், டிபன் கட்டினாள், சின்னவனைக் கொண்டு வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அப்பா பழக்கதோஷத்தில் நோட்டைத் தேடினார். அது அவள் பைக்குள் இருந்தது.

"இன்னைக்கு எழுத வேண்டாம்," என்றாள். "பாத்தா போதும்."

அவர் அதையும் ஒரு உத்தரவாகத்தான் எடுத்துக்கொண்டார். கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, கைகளை முழங்காலில் ஊன்றி, பாய்லரைப் பார்ப்பது போலச் சின்னவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவன் நகர்ந்தால் நாற்காலியும் நகர்ந்தது. அன்று எனக்குப் பள்ளி லீவு. ஒரு மணி நேரத்தில் சின்னவன் பயந்துபோய் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழ ஆரம்பித்தான்.

"அப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. அவனுக்குப் பயமா இருக்கு," என்றேன்.

"முடியாது," என்றார் அப்பா.