ஆறரை எப்படி ஆறு ஆனது

எண்ணூர் பக்கம் ஒரு யார்டில் எனக்கு வேலை. கிரேன் தூக்கும் குழாய்களுக்குக் கம்பிக்கயிறு கட்ட வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் என் தோஸ்துக்கும் அதே வேலைதான்.

போன வருடம் சிக்னல்மேன் இடம் ஒன்று காலியானது. விசில் ஊதிக் கிரேன்காரருக்குக் கை காட்டுகிற வேலை. கயிறு இழுத்து இழுத்து எங்கள் இரண்டு பேருக்கும் விரல் மடங்குவதில்லை. இரண்டு பேரும் கேட்டோம். டெஸ்ட் வைத்தார்கள்.

கயிறு கட்டப் பத்து மார்க், கை காட்டப் பத்து மார்க். இரண்டு சூப்பர்வைசர்கள் தனித்தனியாகப் போடுவார்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். அதனால் அரை மார்க் அடிக்கடி விழும். எங்கள் யார்டில் மார்க்கை அங்கேயே எல்லார் எதிரிலும் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். பின்னால் தகராறு வரக்கூடாது என்று.

எனக்கு இரண்டிலும் ஆறரை. அவனுக்குக் கட்டுவதில் ஏழரை, கை காட்டுவதில் ஐந்தரை. டீக்கடையில் நின்று கூட்டினோம். ஆளுக்குப் பதின்மூன்று.

சாயங்காலம் செல்லில் மெசேஜ் வந்தது. அவனுக்குப் பதினாலு. எனக்குப் பன்னிரண்டு. இடம் அவனுக்கு.

மறுநாள் காலை யார்டில் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா மாமு, அவன் மார்க்குல ஒண்ண உருவி உனுக்கு சொருவிட்டாங்களா?"

"ஏழர புட்ச்சவன் ஜெயிச்சி எங்கனா பாத்துகீறியா நைனா?"

"எத்தினி துட்டு வெட்டுன?" என்று ஒருவன் கேட்டான்.

தோஸ்த் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தான். என் பக்கம் திரும்பினான்.

"நீயும் அப்டிதான் நென்ச்சிகினு கீறியா?"

"எனுக்கு இன்னா தெரியும். கூட்டுனா ஒண்ணாதான் வர்து."

"வா ஆபீசுக்கு. இப்பவே கேப்போம்."

ஆபீசில் மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ராயபுரத்துப் பெண் ஒருத்தி. கணக்குப் போடவென்றே ஒரு கம்ப்யூட்டர் மொழி உண்டாம். ஆர் என்று ஒற்றை எழுத்துதான் பெயர். மார்க் கூட்டுகிற கணக்கை அதில் எழுதி வைத்திருந்தாள்.

"அர மார்க் வந்தா முழுசாக்கச் சொல்லிகீறேண்ணா. அவ்ளதான். ஏழர எட்டாவும், ஆறர ஏழாவும்" என்றவள் திரையைப் பார்த்து நிறுத்தினாள்.

ஆறரை என்று அடித்தாள். ஆறு வந்தது. மறுபடி அடித்தாள். ஆறுதான். ஏழரை அடித்தாள். எட்டு. ஐந்தரை அடித்தாள். ஆறு.

"அஞ்சரையும் ஆறு, ஆறரையும் ஆறா?" என்றான் தோஸ்த். "மிசினு பூட்ச்சா மா?"

"தெரிலண்ணா." அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த மொழிக்கு எழுதி வைத்த விளக்கத்தைத் தேடிப் படித்தாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"கெட்டுப்போவலண்ணா. வோணும்னேதான் அப்டி வெச்சிகீறாங்க. கரெக்டா அர வந்தா ரெட்டப்பட நம்பர் பக்கம் போவுமாம். எப்பவும் மேலயே தள்ளுனா மொத்தக் கூட்டல் ஏறிகினே போய்டுமாம்."

"எட்டு ரெட்டப்பட. அதான் அவனுக்கு மேல ஏறிச்சி" என்றேன். "ஆறு ரெட்டப்பட. அதான் எனுக்குக் கீழ எறங்கிச்சி."

"ஆமாண்ணா."

"அப்ப மிசின் மேல தப்பு இல்ல?"

"இல்லண்ணா. நாந்தான் அரைய அப்டியே வுட்டுருக்கணும்."

சொன்னது காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. பாதி என்றால் பாதிதானே. ஒருத்தன் பாதி ஏறுகிறது, ஒருத்தன் பாதி இறங்குகிறது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

மேனேஜர் வந்து என்னவென்று கேட்டார். மதியமே மறுபடி டெஸ்ட் என்றார். அரையை அரையாகவே கூட்டச் சொன்னார்.

கடல்காற்று அடித்தது. குழாய் ஆடிக்கொண்டே ஏறியது. அவனுக்குக் கட்டுவதில் மறுபடியும் ஏழரை. கை காட்டுவதில் ஆறு. எனக்கு ஏழு, ஏழு.

அவனுக்குப் பதின்மூன்றரை. எனக்குப் பதினாலு. இடம் எனக்கு.

தோஸ்த் அந்தப் பெண்ணிடம் போனான். "பழய கணக்குல போட்டா இன்னா வரும் மா?"

அவள் தயங்கித் தயங்கி அடித்தாள். ஏழரை எட்டானது. இரண்டு பேருக்கும் பதினாலு.

அவன் சிரித்துவிட்டான். "நேத்து ரெண்டு பேரும் ஒண்ணு, மிசினு என்ன ஜெயிக்க வெச்சிது. இன்னிக்கி நீ ஜெயிச்சிட்ட, மிசினு ரெண்டு பேரும் ஒண்ணுன்னுது. இன்னா பேஜாருபா இது?"

"மேனேஜர்கிட்ட சொல்லட்டா?" என்றேன்.

"அடச்சீ, போய் விசில வாங்கு."

வாங்கினேன். அன்று சாயங்காலமே முதல் லோடு. அவன் கட்டிவிட்டு விலகி நின்று என் கையைப் பார்த்தான். அது ஜெயித்த கைதானா என்று எனக்கு விளங்கவில்லை. தூக்கச் சொல்லிக் காட்டினேன்.