இடது பக்கத்து சீட்டு

எனக்கு ஐம்பத்து நாலு வயதில்தான் கார் ஓட்ட வந்தது. வந்தது என்பதைவிட வரவழைத்தேன் என்று சொல்வதுதான் சரி. கேரளாவில் லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால், கம்பி நட்ட மைதானத்தில் 'எச்' எழுத்தைப் போல வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை நான் ஒரு கம்பியைச் சாய்த்தேன். இரண்டாம் தடவை இரண்டு கம்பி. மூன்றாம் தடவை அந்த அதிகாரி என்னைப் பார்த்ததுமே நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு நான் எதையும் சாய்க்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அது அவருடைய வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொன்ன கோயம்புத்தூர் டாக்டர், இடது கண்ணும் எத்தனை வருஷம் தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் தென்னைக்கு வைக்க வேண்டிய உரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அந்தக் கண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. மறுவாரம் நான் போய் டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தேன்.

எங்களுக்கு ஊர் எருத்தேன்பதி, கேரளாவுக்குள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. தென்னை, கொஞ்சம் நெல், இரண்டு மாடு. வருஷத்துக்கு ஒரு தடவை, முதல் போகம் அறுத்து முடித்த கையோடு, மாடுகளைப் பக்கத்திலிருக்கும் கொழுந்தனார் வீட்டுப் பொறுப்பில் விட்டுவிட்டு மூணாறு பக்கம் போய் ஒரு ராத்திரி தங்கி வருவோம். கல்யாணமான மூன்றாம் வருஷம் ஆரம்பித்தது இது. முதலில் ஒரு பழைய ஜீப், பிறகு இந்த வெள்ளைக் கார். அவர் ஓட்டுவார். நான் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல், "அங்க பாருங்க, இங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வருவேன். அவர் "ம்" என்பார். எங்கள் குடும்பத்தின் ஒரே ஆடம்பரம் அது. மகள் கல்யாணம் வைத்த வருஷம்கூட நாங்கள் அதை விடவில்லை.

கண் போன சில மாதங்களில், "ஓட்டாதவனுக்கு வண்டி எதுக்கு?" என்று சொல்லிக் காரை விற்கப் பேசிவிட்டார். கோபாலபுரத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் இரண்டு தடவை வந்து, கதவைத் திறந்து மூடி, டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன ஊறுகாயா போடுவது?

"திங்கக்கெழமதான வர்றாரு? சனிக்கெழம கெளம்பி மலைக்குப் போயிட்டு வந்தர்லாமுங்க. நா ஓட்டறேன்" என்றேன்.

"நீயி பால் சொசைட்டிக்கு ஓட்டுவே. மலைக்கு ஓட்டுவியா?"

"எல்லாம் ரோடுதானுங்க."

"உடுமலையில ஒரு ஆக்டிங் டிரைவர் இருக்கறான். போன் பண்ணுனா வருவான்."

"அவன் வந்தா நா வரலீங்க. நீங்களும் அவனும் ஜோடியாப் போயிட்டு வாங்க."

ஒரு நாள் முழுக்க இழுபறி. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். வண்டியை நான் ஓட்டுவது. வழியில் ஒரே ஒரு தடவை என் வாயால் "முடியல" என்று சொல்லிவிட்டால், அங்கேயே ஆக்டிங் டிரைவருக்குப் போன் போகும், திங்கட்கிழமை வண்டியும் போகும். சொல்லாமல், நாங்கள் ராத்திரி தங்கப்போகும் சின்னக்கானல் வரை கொண்டு சேர்த்துவிட்டால்? "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கார் எனக்குப் பெரிதில்லை. கார் போய்விட்டால் இந்த மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து, இன்னொரு கண் போகிற நாளை எண்ணிக்கொண்டிருப்பார். அதைத் தினம் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வழியை எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, காட்டிலாகா செக்போஸ்ட், சின்னாறு, மறையூர், மூணாறு, மாட்டுப்பட்டி, சின்னக்கானல். கேரளாவிலிருந்து கிளம்பிக் கேரளாவுக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் அவர் ஒரு எச்சரிக்கை வைத்திருந்தார். இந்த வளைவில் ரோடு உள்பக்கம் சரிந்திருக்கும், அந்தப் பாலத்துக்கு முன்னால் ஒரு குழி உண்டு, இன்ன இடத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கிவிட வேண்டும். தாள் நிறைந்தது. அதில் ஒரு மலையோ அருவியோ வரவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். உடுமலையில் இட்லி சாப்பிட்டோம். செக்போஸ்டைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் அவர் பேச்சு நின்றுபோனது. வலது கால் மட்டும் அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்தது. நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

சின்னாறு தாண்டி ஏறும்போதுதான் அந்தக் கூத்து. எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற வழி வாய்க்கால் கரைமேல் போகிறது. ஒரு வண்டிதான் போகலாம். அங்கே எதிரில் டிராக்டர் வந்தாலும் மாட்டு வண்டி வந்தாலும் நான்தான் பின்னால் எடுப்பேன். வருகிறவர்கள் எல்லாம் பங்காளி, மாமன், மச்சான். புதிதாக ஓட்டக் கற்றவள் நான். அந்தப் பழக்கத்தில், வளைவில் ஒரு பஸ் இறங்கி வருவதைப் பார்த்ததும் மரியாதையாகப் பின்னால் எடுக்க ஆரம்பித்தேன். மலைச் சரிவில், ரிவர்ஸில், எனக்குப் பின்னால் ஒரு பிக்அப் வேறு. அவன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பஸ் டிரைவர் வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "சேச்சி, எங்க போறீங்க கீழ? ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி. எறங்குற நாங்கதான் நிக்கணும். நீங்க கேறி வாங்க!"

பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்க, நான் ஏறிப் போனேன். முகமெல்லாம் எரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் இவர் பக்கம் திரும்பினேன்.

"இது உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

"தெரியும்."

"பின்ன எதுக்குங்க சொல்லல?"

"இது எல்லாத்துக்கும் தெரியுமுன்னு நெனச்சேன்."

முப்பது வருஷமாக மலை ஏறியவருக்கு அது சொல்லித் தர வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அங்கிருந்து மறையூர் வரை எனக்காக ஒரு லாரியும் இரண்டு ஜீப்பும் ஒதுங்கி நின்றன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது கையை உயர்த்தி வணக்கம் வைத்தேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தலைக்கனம் மறையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கியது. தூறலும் மூடுபனியுமாக இருந்தது. கொண்டை ஊசி வளைவின் நடுவில் முன்னால் போன ஜீப் திடீரென்று நின்றது. நானும் நின்றேன். ஜீப் கிளம்பிப் போய்விட்டது. என் வண்டி அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பி கிளட்சை விட்டேன். வண்டி முன்னால் போகாமல் ஒரு முழம் பின்னால் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். இன்னொரு தடவை. மறுபடியும் ஒரு முழம் பின்னால். இடது பக்கம் தேயிலை, வலது பக்கம் பனி, அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ தெரியாது. "முடியல" என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ ரோட்டோரத்தில் குனிந்து ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பிறகு பின்னால் போய், கீழேயிருந்து வருகிற வண்டிகளை நிறுத்தக் கையைக் காட்டிக்கொண்டு, காருக்கு நேர் பின்னால் நின்றார்.

"ஏனுங்க, அங்க நிக்காதீங்க! பின்னால வந்துரும்!"

"வராது. நீ எடு."

"தள்ளிப் போங்கன்னு சொல்றேனல்ல!"

"ஏம்புள்ள, நாந்தான் சொல்றேனல்ல, வராது. பாதிக் கிளட்சுல புடிச்சு, வண்டி துடிக்கறப்ப பிரேக்க உடு."

கண்ணாடியில் அவர் தெரிந்தார். தூறலில் நனைந்துகொண்டு, இடது கண் முன்னால் வரும்படி கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு. என் கையில் ஒரு மனுஷனின் உயிர் இருக்கிறது, அவர் அதைத் தானாகவே வந்து கொடுத்திருக்கிறார். அழுகை வந்தது, அழுவதற்கு அது நேரமில்லை. கிளட்சைப் பாதி விட்டேன். வண்டி துடித்தது. பிரேக்கை விட்டேன். ஏறிவிட்டது!

ஏறிய வண்டியை நிறுத்தப் பயமாக இருந்தது. இரண்டு வளைவு தாண்டி, ஒரு சமதளத்தில்தான் ஓரங்கட்டினேன். அவர் அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு நடந்து வர வேண்டும். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஒற்றைக் கண்ணோடு அவரைப் பனிக்குள் விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று பதறிப்போய் இறங்கி ஓடப் பார்த்தபோது, கீழ் வளைவில் அவர் தலை தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயில் பிரகாரம் சுற்றுகிறவர் மாதிரி நிதானமாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அங்க ஒரு அருவி இருக்குது, பாத்தியா? தேயிலைக்கு நடுவுல, சன்னமா, வெள்ளையா. நின்னு பாத்துட்டு வந்தேன். இப்பப் புதுசா வந்திருக்குதாட்ட இருக்குது."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "புதுசாங்க? வருஷா வருஷம் அந்த எடத்துல 'அருவியப் பாருங்க, அருவியப் பாருங்க'ன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன். நீங்க 'ம்'முன்னீங்க."

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னே. நா ரோட்டப் பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

முப்பது வருஷம் மலைக்கு வந்தவர் மலையைப் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதிலேயே இரண்டு கண்ணும் தீர்ந்துபோயிருக்கிறது. இப்போது பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது, ஒரு கண்தான் மிச்சம். அதுவும் நல்லவேளை, ஜன்னல் பக்கத்துக் கண்.

அதற்குப் பிறகு வண்டியில் ஆள் மாறிவிட்டார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு "ம்" போட, அவர் பேசிக்கொண்டே வந்தார். அங்கே ஒரு பாறை படுத்த எருமை மாதிரி இருக்கிறது என்றார். மேகம் நமக்குக் கீழே போகிறது, வண்டியை நிறுத்து என்றார். தேயிலைக்கு நடுவில் இருக்கிற மரங்களை எண்ணினார். மூணாறு வருவதற்குள் ஏழு இடத்தில் நிறுத்தச் சொன்னார். முன்பெல்லாம் நான் ஒரே இடத்தில் நிறுத்தச் சொன்னாலே "நேரமாகுது" என்று சொன்ன மனுஷன்.

மாட்டுப்பட்டியில் அணையோரம் நின்று, தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிவதைப் பார்த்தார். பிறகு தூரத்தில் மேய்ந்த பண்ணை மாடுகள் கண்ணில் பட்டுவிட்டன. அவ்வளவுதான், அரைமணி நேரம் அங்கிருந்து அசையவில்லை. இவ்வளவு பச்சைப்புல் தின்றால் நம் மாடும்தான் கறக்கும் என்று ஊர் மாடுகளுக்காக வக்காலத்து வாங்கினார். மலைக்கு வந்தும் மாட்டைப் பார்த்துத்தான் மயங்குவீர்களா என்று கேலி செய்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குச் சின்னக்கானல் போய்ச் சேர்ந்தோம். "முடியல" என்று நான் சொல்லவில்லை. அவரும் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. "பாக்கலாம்" என்று மறுபடியும் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பேசாமல் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் அடித்தது. லாட்ஜுக்கு எதிரே ஒரு டீக்கடை. எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் நடத்துகிறார். காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கிட்டிருந்து வர்றீங்க? ஐயாதான் ஓட்டியாந்தாகளா?"

"நா இல்லீங்கம்மா. நா வேடிக்க பாக்க வந்தவன்" என்றார் இவர்.

"அக்காவா! அம்புட்டுத் தூரமும்? பரவாயில்லையே" என்று எனக்கு மட்டும் டீயை ஒரு இழுப்பு கூடுதலாக ஆற்றிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபாலபுரத்து வியாபாரி.

"ஆமாங்க... மலையிலதானுங்க இருக்கறோம்... வண்டிங்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். எதிரே மலைமேல் வெயில் இறங்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, "அது எங்கூட்டுக்காரி வண்டிங்க. அவளையே கேட்டுக்குங்க" என்று போனை என் கையில் வைத்துவிட்டார்.

ஆர்.சி. புத்தகத்தில் அவர் பேர்தான் இருக்கிறது.

"ஏனுங்கம்மா, நாளைக்கு வரட்டுங்களா?" என்றார் வியாபாரி.

"வேண்டாமுங்க. குடுக்கறதா இல்லீங்க."

"என்னுங்க இப்பிடி, பேசி முடிச்ச வண்டியாச்சே?"

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். வீட்டில் இத்தனை மாதமாக நாங்கள் இருவரும் வாய் திறக்காத விஷயம், முன்பின் பழக்கமில்லாத ஆளிடம் வந்து விழுந்துவிட்டது. "அவருக்கு இருக்கறது ஒரு கண்ணுதானுங்க. அதுவும் எத்தன நாளைக்குன்னு தெரியாது. தெரியற மட்டும் அவருக்கு மலையெல்லாம் காட்டோணுமுங்க. அதுக்கு எனக்கு வண்டி வேணும்."

வியாபாரி குரலைத் தணித்து, "செரிங்கம்மா. பாத்து ஓட்டுங்க" என்று வைத்துவிட்டார்.

இவர் காதில் எல்லாம் விழுந்திருக்கும். ஒரு கை தூரத்தில்தான் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"அப்ப வால்பாறைக்கு எப்பப் போலாம்?" என்றார்.