கோலாலம்பூரில் நின்றுபோன சுழல்மேடை

1. முதல் ஷோ

கோலாலம்பூரில் எங்கள் முதல் ஷோ. இரண்டாவது பாட்டின் நடுவில் டிரம்மர் பாண்டி வாசிப்பதை நிறுத்திவிட்டான். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கிடார் கொஞ்ச தூரம் தனியாக ஓடித் தடுமாறி நின்றது. பாடிக்கொண்டிருந்த செழியன் திரும்பி அவனை ஒரு முறை முறைத்தான். ஹால் முழுக்கக் கூச்சல். செழியன் மைக்கைத் தரையில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

நான் அப்போது 'கோடையிடி' ராக் பேண்டின் ஸ்டேஜ் மேனேஜர். மேடையில் எந்தச் சாமான் எங்கே நிற்க வேண்டும், யார் எப்போது ஏற வேண்டும், எந்த வயர் எதன் வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. சொந்த ஊர் கம்பம். பேண்டில் எல்லோருக்கும் நான் கிரேஸக்கா.

கோடையிடி ஆண்டிபட்டியில் ஒரு பழைய பஞ்சு குடோனில் பிராக்டிஸ் பண்ணி வளர்ந்தது. செழியனும் பாண்டியும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். அவர்கள் பாட்டு தேனியிலிருந்து கிளம்பி, தமிழ் பேசுகிற நாடெல்லாம் சுற்றியது. அதனால்தான் மலேசியாவில் ஒரு பெரிய ஹால், ஆறு வாரம் தொடர்ந்து சனிக்கிழமைதோறும் வாசிக்கக் கூப்பிட்டது. எங்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு வாய்ப்பு எந்த பேண்டுக்கும் வந்ததில்லை.

அந்த ஹாலில் இருந்தது சுழல்மேடை. பெரிய வட்டப் பலகை, நடுவே ஒரு தட்டி. தட்டிக்கு முன்னால் உள்ளூர்க் குழு பாடும்போது, பின்னால் எங்கள் சாமான் தயாராக நிற்கும். அவர்கள் முடித்ததும் மேடை அரைச் சுற்றுச் சுற்றி எங்களை முன்னால் கொண்டுவரும். வலப்பக்கம் சுற்றிப் பின்னால் போனது இடப்பக்கம் சுற்றித்தான் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் வயரெல்லாம் முறுக்கிக்கொள்ளும். ரிகர்சலில் இதைப் பலமுறை சொல்லியிருந்தேன். ஆனால் ஷோ அன்று பட்டனில் இருந்த ஹால் ஆள் புதியவர். மறுபடி வலப்பக்கமே சுற்றிவிட்டார். மற்ற வயர்களில் தொய்வு இருந்ததால் தப்பித்தன. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கப் பாண்டி காதில் மாட்டியிருந்த இயர் மானிட்டருக்குப் போகிற வயர் மட்டும் விறைத்து நின்று, இரண்டாவது பாட்டின் அதிர்வில் பிடுங்கிக்கொண்டது. காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தச் சத்தமும் போய்விட்டால், கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி. அவன் நிறுத்தியது அதனால்தான்.

பிய்ந்த வயரைக் கையில் எடுத்துக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனேன். செழியன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"வயரக் காட்டி அவனக் காப்பாத்தாதீகக்கா. காது கேக்கலன்னா கையி மறந்துபோகுமா? எத்தன வருசமா வாசிக்கிற பாட்டு! என்னைய அசிங்கப்படுத்தணும்னே நிறுத்துனான்."

பாண்டி கதவோரம் நின்றிருந்தான். "அப்படியாலே நெனைக்கிற?" என்று மட்டும் கேட்டான். செழியன் பையை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே போனான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

2. பேசாத இரண்டு பேர்

அடுத்த வாரம் வயர்களை நானே நின்று தரையோடு கட்டவைத்தேன். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஷோ செத்துக் கிடந்தது. செழியன் ஒரு தடவைகூட டிரம்ஸ் பக்கம் திரும்பவில்லை. பாண்டியும் தலையைக் குனிந்தே வாசித்தான். இந்த பேண்டின் உயிரே, பாட்டு ஏறும் இடத்தில் செழியன் பாண்டியைப் பார்ப்பதும் பாண்டி சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுவதும்தான். அது இல்லாமல் வெறும் கேசட் போட்ட மாதிரி இருந்தது. கடைசிப் பாட்டுக்கு முன்பே ஆட்கள் எழுந்து போனார்கள்.

ஹால் மேனேஜர் தியாகு அந்த ஊர்த் தமிழர், தங்கமான மனிதர்; அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்பார். மறுநாள் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், மேல கோவமா இருக்காங்க. இன்னொரு ஷோ இப்படிப் போச்சுன்னா மிச்சத்தையெல்லாம் கேன்சல் பண்ணிடுவாங்க லா. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

இதைச் செழியனிடம் சொன்னபோது, "நல்லதாப் போச்சு. ஊருக்குப் போனதும் பேண்டக் கலச்சிருவோம்" என்றான். பாண்டியிடம் சொன்னேன். "அவன் சொன்னாச் சரிதாங்க்கா" என்றான். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அசையவில்லை. வாரம் முழுக்க, ஒரே ஓட்டலில் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள்.

3. பாதியில் நின்ற மேடை

மூன்றாவது சனிக்கிழமை. உள்ளூர்க் குழு முடித்துவிட்டது. விளக்கு மங்கியது. மேடை சுற்ற ஆரம்பித்தது, இந்த முறை சரியான பக்கம்தான். கால்வாசி சுற்றியதும் அடியிலிருந்து ஒரு முனகல். கருகிய வாடை. மேடை நின்றுவிட்டது.

தட்டி மேடையை இடமும் வலமுமாகப் பிரித்துக்கொண்டு, விளிம்பு கூட்டத்தைப் பார்க்க நிற்கிறது. ஒரு பக்கம் உள்ளூர்க் குழு எழுந்துபோன காலி நாற்காலிகள். இன்னொரு பக்கம் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிற பாண்டி. கிடார், பேஸ் வாசிக்கிறவர்களும் செழியனும் என்னோடு ஓரத்தில் நிற்கிறார்கள். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. தியாகு வியர்த்துப்போய் ஓடி வந்தார்.

"திரைய இறக்கிடலாம் சிஸ்டர். மோட்டார் போச்சு. ஷோ இல்லன்னு சொல்லிடலாம்."

"ஒரு நிமிசம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு மேடைக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கினேன். அங்கே மெக்கானிக் ஷாஜி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேரளத்துக் கட்டப்பனைக்காரர். எங்கள் கம்பத்திலிருந்து மலை ஏறினால் அவர் ஊர். வந்த நாளிலிருந்தே என்னிடம் மலையாளத்தில்தான் பேசுவார்.

"சேட்டா, கையால தள்ளினா சுத்துமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பிரேக் விட்டால் சக்கரம் ஃப்ரீ ஆணு சேச்சி. தள்ளாம். பட்சே ஆளு வேணும், நல்ல பலமுள்ள ஆளு." தள்ளலாம், ஆனால் பலமான ஆட்கள் வேண்டும் என்கிறார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன? போடிமெட்டு மலைப்பாதை வளைவில் நின்றுபோன ஜீப்பை எத்தனை தடவை இறங்கித் தள்ளியிருக்கிறோம்! மேலே ஏறி வந்தேன். கையால் தள்ளலாம் என்றதும் தியாகு தலையில் கை வைத்தார். "யாருக்காச்சும் அடிபட்டா?" என்றார். வட்டத்துக்கு வெளியே, அசையாத தரையில் நின்று, தட்டியின் இரும்புச் சட்டத்தை மட்டும் தள்ளுவோம், இடுக்கில் யாரும் கால் வைக்காதபடி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஷாஜியைப் பார்த்தார். ஷாஜி தலையாட்டினார்.

"தள்ள ஆளு வேணும்! வாங்க எல்லாரும்!" என்று கத்தினேன். ஹால் வேலைக்காரர்கள் வந்தார்கள். எங்கள் லைட் ஆட்கள் வந்தார்கள். உள்ளூர்க் குழுவின் தபலாக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சட்டத்தின் இரண்டு முனையிலும் தோள் கொடுத்தார்கள். மேடை இம்மியளவு அசைந்தது, மறுபடி நின்றது. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் தள்ளினால் எப்படி நகரும்?

அப்போது ஓரத்தில் நின்ற செழியன் ஜிகினாச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். பனியனோடு போய்ச் சட்டத்தில் தோளை வைத்தான். அவன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே பாண்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க வழியும் இல்லை.

"ஏலே பாண்டி! சும்மா உக்காந்திருக்க? அடிலே!"

பாண்டி காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்தான். "நீ தள்ளுலே!" என்று கத்திவிட்டுப் பெரிய டிரம்மில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

அந்த ஒரு அடிக்கு எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். மேடை நகர்ந்தது. இன்னொரு அடி. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அடிக்கு ஒரு எட்டு, எட்டுக்கு ஒரு தள்ளல். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எப்போது கைதட்ட ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று "தள்ளு! தள்ளு!" என்றார். ஹாலே எழுந்து நின்றது. நான் இடுக்கைப் பார்த்து "காலு, காலு!" என்று கத்திக்கொண்டே கூட ஓடினேன். பாண்டி கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது.

மேடை முன்னால் வந்து நின்றதும் ஷாஜி பிரேக்கைப் போட்டார். செழியன் மூச்சு வாங்க மேடையில் தாவி ஏறி, சட்டையைக்கூட வாங்காமல், அந்தத் தாளத்திலேயே முதல் பாட்டைப் பிடித்தான். அப்படி ஒரு ஷோவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

4. மறுநாளும் அதற்குப் பிறகும்

மறுநாள் காலையில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அந்த ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டீயோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

செழியன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அன்னைக்கு உனக்கு என்னலே கேட்டுச்சு?"

"ஒண்ணுமே கேக்கலலே. நீ பாடுறியா நிறுத்திட்டியான்னுகூடத் தெரியல. தப்பா அடிச்சு உன் பாட்டக் கெடுத்துருவேனோன்னு பயந்துட்டேன்."

செழியன் தன் தட்டில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தான். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் அவர்களுக்குள் கிடையாது.

கூட்டத்தில் இருந்தவர்கள் எடுத்த வீடியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. நாலாவது ஷோவுக்கு உட்கார இடமில்லை. தியாகு சிரித்துக்கொண்டே வந்தார்.

"மோட்டார் ரெடி சிஸ்டர். ஆனா போட வேணாம் லா. தள்ளுறதப் பாக்கத்தான் எல்லாரும் வராங்க!"

அப்படியே எல்லா சனிக்கிழமையும் தள்ளினோம். கடைசி ஷோவில் தியாகுவே கோட்டைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார். கோடையிடி கலையவில்லை. போன மாதம் தேனியில் வாசித்தபோதும் நான்தான் மேடையைப் பார்த்துக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சுழல்மேடையில் வயர் கட்டும் முறையை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. கூட வேலை செய்கிறவர் பாதியில் நிறுத்திவிட்டால், ஏன் நிறுத்தினாய் என்று பாய்வதற்கு முன்னால், உனக்கு என்ன கேட்டது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். செழியன் அதைக் கேட்க இரண்டு வாரம் ஆனது. இப்போதெல்லாம் வாசிக்கும்போது யாராவது தடுமாறினால், முதலில் திரும்பிக் கேட்கிறவன் அவன்தான்.