டெட்டோல் ஐயா

கொழும்பு கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் சிவபாதசுந்தரத்தின் கறுப்புக் குடை தலைகாட்டினால் போதும், தண்ணீர் வாளிகளுக்கெல்லாம் அவசரமாக மூடி ஏறும். தோட்டம் என்பது பெயருக்குத்தான். ஒன்றோடொன்று ஒட்டிய அறை வீடுகள், நாற்பது குடும்பத்துக்கு இரண்டு தண்ணீர்க் குழாய். அவர் அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே 'பி.எச்.ஐ. ஐயா' என்பார்கள். முதுகைத் திருப்பியதும் டெட்டோல் ஐயா.

மனிதர் கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்கமாட்டார். கடையில் ஒரு பிளேன்டீ கூடக் குடிக்கமாட்டார். குடித்தால் கோப்பை கழுவிய தண்ணீரை நினைக்கவேண்டி வருமே. யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தங்கை நெருப்புக்காய்ச்சலில் செத்துப்போனாள். கக்கூசுக்குப் பக்கத்தில் வெட்டிய கிணற்றுத் தண்ணீர். அன்றைக்குத் தொடங்கிய கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபம் கொட்டாஞ்சேனையில் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியும் இருக்கிறது. பிழை எங்கே என்றால், வேலையைக் கந்தோரோடு விடாமல் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான்.

வெள்ளவத்தையில் வாடகை மாடிவீட்டில் மகன் நிமலன் பிறந்தபோது, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்த சொந்தக்காரருக்கு வாசலில் ஒரு பேசின் நிறைய டெட்டோல் தண்ணீர் வைத்தார். அதில் கையை முக்கியவர்கள் பிள்ளையைப் பார்க்கலாம். தூக்க யாருக்கும் அனுமதியில்லை. மனைவி ஜெகதீஸ்வரியின் பெரியம்மா, தாங்கள் என்ன தொத்து வருத்தக்காரரோ என்று கேட்டு, கொண்டுவந்த காப்பை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதோடு அந்தப் பக்கத்துச் சொந்தமே நின்றுபோயிற்று.

நிமலன் தவழப்போகிற தரை முதலில் துடைக்கப்படும். நாய் பூனை கிடையாது, தெரு கிடையாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிடையாது. இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைக்கு ஆறு மாதத்தில் முழங்கை மடிப்பெல்லாம் கரப்பன், மூன்று வயதில் மூச்சு முட்டு. நெஞ்சு விசிலடிக்க அவன் மூச்சுக்கு அல்லாடும்போதெல்லாம் தகப்பன் தரையை இன்னொரு தரம் துடைப்பார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. நகரமே குண்டுக்கும் சுற்றிவளைப்புக்கும் பயந்துகிடந்த காலம். நிமலனுக்கு எட்டு வயது, அவன் தங்கை தர்ஷிகாவுக்கு ஒன்பது மாதம். ஒருநாள் காலை நிமலனுக்கு வந்த முட்டு அடங்கவேயில்லை, உதடு நீலமாகிவிட்டது. ஜெகதீஸ்வரி அவனோடு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். ஊரில் வயிற்றோட்டம் பரவிய நேரமென்பதால் சிவபாதசுந்தரத்துக்கு லீவு இல்லை. குழந்தையை யார் பார்ப்பது? யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து யாரும் வரப் பாதையில்லை. கொழும்பிலிருந்த பெரியம்மாவிடம் போய் நிற்க அவருக்கு முகமில்லை.

மிஞ்சியது யோசெப்பின். வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்கிறவள். சொந்தப் பிள்ளைகள் ஐந்து, பார்க்கிற பிள்ளைகள் நாலு, கோழிகள், ஒரு ஆடு. பிள்ளைகள் தவழுகிற இடத்தில் ஆடு கோழி வைக்கக்கூடாதென்று போன வாரம்தான் அவளுக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தார். இப்போது அவளுடைய வாசலில் குழந்தையோடு நின்றபோது அவருக்குக் காதெல்லாம் சுட்டது.

"பிள்ளயத் தாங்க ஐயா. நோட்டீஸப் பத்திப் பெறகு பேசுவோம்," என்றாள் யோசெப்பின்.

சாயங்காலம் வந்து பார்த்தால், தர்ஷிகா ஆட்டுக்குப் போட்ட பலா இலையைத் தானும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குச் சளியோடு ஒரு பொடியன் அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தான். சிவபாதசுந்தரத்துக்கு மயக்கம் வராத குறை. ஆனாலும் நாளைக்கும் இவளிடம்தானே வரவேண்டும்? வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், தன் வீட்டுச் சுத்த ஒழுங்குகளையெல்லாம் ஒப்புவித்து, இன்னும் எதைத் துடைக்கவேண்டும் என்று டொக்டரிடம் கேட்டார். டொக்டர் பெருமூச்சு விட்டார். பரம்பரை, புகை என்று முட்டுக்கு எத்தனையோ காரணம் உண்டு, இதனால்தான் இவனுக்கு வந்ததென்று எவராலும் சொல்லமுடியாது என்றார். ஆனால் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்களாம்: அண்ணன் அக்கா நிறைய உள்ள வீட்டுக் கடைக்குட்டிகளுக்கு ஒவ்வாமைத் தும்மலும் கரப்பனும் குறைவு. சின்ன வயதில் பலவிதமான கிருமிகளோடு பழகித்தான் எது எதிரி, எது சும்மா வந்துபோகிறது என்று உடம்பு படிக்கிறதோ என்பது அவர்கள் ஊகம். படிக்காத உடம்பு தூசியோடும் சண்டைக்குப் போகும். சிலருக்கு உடம்பு தன்னையே தாக்குகிற நோய்கள் வருவதும் இதனால்தானோ என்று யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

"அதுக்காக வயித்தோட்டத்தை வீட்டுக்குக் கூப்பிடாதேங்கோ. நீங்கள் கிணறும் கழிவுக் கானும் பாக்கிறது சரியான வேலை," என்றார் டொக்டர். "ஆனா பிள்ளைக்குப் பிள்ளையள் வேணும்."

அன்று திரும்பும்போது வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் புதுச் சிப்பாய் ஒருவன். தினமும் அந்த வழியால் போய்வருகிற அவரை, அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் முக்கால் மணி நேரம் ஓரத்தில் நிறுத்திவைத்தான். பழைய சிப்பாய் வந்து, இவர் எங்களுடைய மஹத்தயா, தெரிந்த ஐயாதான் என்று சிங்களத்தில் சொன்ன பிறகே விட்டான். நாலடி நடந்ததும் டொக்டர் சொன்னது அவருக்கு விளங்கியது. தெருவோடு பழகாத காவல்காரனுக்கு எல்லோரும் எதிரிதான். என் பிள்ளையின் உடம்புக்கு நான் ஒருத்தரையும் பழக்கிவிடவில்லையே என்று நினைத்தபோது, காலி வீதி ஓரத்தில் நின்று அழுதார்.

பதினோராம் நாள் நிமலன் வீட்டுக்கு வந்தான். இனிக் குழந்தையைத் தோட்டத்துக்கு அனுப்பத் தேவையில்லை என்றாள் ஜெகதீஸ்வரி. அனுப்பத்தான் வேண்டுமென்று அவர் டொக்டர் சொன்னதைச் சொன்னார்.

"இதைத்தானே நான் எட்டு வருசத்துக்கு முந்தியே..." என்று தொடங்கியவள், நிமலன் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்திவிட்டாள். அவள் சொல்லாமல் விட்ட மிச்சம் அவருக்குச் சாகும்வரை போதும்.

யோசெப்பினின் நோட்டீஸை அவர் கிழிக்கவில்லை, திருத்தி எழுதினார். ஆடும் கோழியும் பின்பக்கம், சமையலுக்குத் தள்ளி. தண்ணீரும் பாலும் கொதிக்கவைத்தே கொடுக்கவேண்டும். கானுக்கு மூடி போடவேண்டும். மூடியைத் தானே கொண்டுவந்து போட்டார். தர்ஷிகா சளியும் காய்ச்சலுமாக அங்கேயே வளர்ந்தாள். முட்டு மட்டும் அவளை எட்டிப் பார்க்கவில்லை. அது யோசெப்பினின் வீட்டாலா, வெறும் அதிர்ஷ்டமா என்று கேட்டால் அவர் கையை விரிப்பார்.

தங்கச்சி போகிற இடத்துக்குத் தானும் வரலாமா என்று நிமலன் ஒருநாள் கேட்டான். அவனுக்குக் காலம் கடந்துவிட்டது, மண்ணில் விளையாடி முட்டு மாறாது என்று அவருக்குத் தெரியும். டொக்டரைக் கேட்டார். மூச்சிழுக்கிற மருந்து பம்பைக் கையோடு கொடுத்து அனுப்பச் சொன்னார் டொக்டர்.

சனிக்கிழமை கூட்டிப்போனார். நிமலனுக்கு விளையாடத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் திரும்பித் தகப்பன் முகத்தைப் பார்த்தான். ஓடத் தொடங்கி மூன்றாம் நிமிடமே விழுந்தான், முழங்காலில் ரத்தம். சிவபாதசுந்தரம் பாய்ந்து எழும்பினார். அவன் மூச்சு வாங்க, சேறும் சிரிப்புமாகக் கையைக் காட்டி அவரை நிறுத்தினான்.

"அப்பா, நீங்கள் போங்கோ. பின்னேரம் வந்தாக் காணும்."

காயத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, முட்டு வந்தால் பம்பை எப்படி அடிப்பதென்று யோசெப்பினுக்கு மூன்று தரம் செய்துகாட்டிவிட்டு, சிவபாதசுந்தரம் போனார்.