கூரையில் தொங்கிய காணிக்கை

வெள்ளைக்காரர்கள் ஆட்சியில் ஒரு பங்கை நாட்டுக்காரர்களிடம் கொடுக்கப்போகிறார்கள் என்றும், அதற்குமுன் இங்கே நிலையாக வாழ்பவர் யார், வந்துபோகிறவர் யார் என்று பிரிக்க வேண்டும் என்றும் பேச்சு எழுந்த காலம். கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில், இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்துக்கும் ஒரு கிளாக்கர் விசாரிக்க வந்தார். நிலையானவர் என்று எழுதினால்தான் வாக்குரிமை. பிறகு யாரும் விரட்டவும் முடியாது.

அப்பா வெளுத்த வேட்டி கட்டி, தகரப் பெட்டியைத் துடைத்து அவரை உட்காரவைத்தார். தாம் அந்த லயத்திலேயே பிறந்ததையும், தாத்தாவை எதிர்மலைத் தேயிலைக்கு நடுவில் புதைத்ததையும் நிதானமாகச் சொன்னார். கிளாக்கரும் தலையாட்டினார். அப்போதுதான் கூரையில் தொங்கிய மஞ்சள் துணி முடிச்சு அவர் கண்ணில் பட்டது.

"அது என்ன?"

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க கொலசாமி காணிக்கைங்க. ஆத்தா கோயில் திருச்சிப் பக்கம். சின்னவனுக்கு அங்க மொட்டை போடணும்னு வேண்டி முடிஞ்சது."

"அப்போ இந்தியாவுக்குப் போறதாத்தான் இருக்கீங்க."

சாமி காரியத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமாங்க. ஆத்தா கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?" என்றார் அப்பா.

வந்துபோகிறவர் என்று எழுதிக்கொண்டு கிளாக்கர் எழுந்தார். உள்ளேயிருந்து வந்த அத்தை வாசலை மறித்தாள். "ஏங்க, எப்ப சீமைக்குப் போவோம்னு பங்களாவுல தொரை தெனமும் பொலம்புறாரே, அவருகிட்ட இதைக் கேட்டீங்களா?"

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். தேத்தண்ணி தொடப்படாமல் ஆறியது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், இந்தியாவுக்குப் போவீர்களா என்ற கிளாக்கரின் கேள்வியை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹஜ்ஜுக்குப் போய்வர ஆசைப்படும் பதுளைக் கடைக்காரரை அரபு நாட்டுக்காரர் என்று யாரும் எழுதியதில்லை. காட்டை வெட்டி மலையைத் தேயிலையாக்கியவர்களின் பக்தி மட்டும் பயண மூட்டையாகிவிட்டது.

அன்று மாலை அப்பா முடிச்சை அவிழ்த்தார். காசை மலையோரத்து முனியாண்டி கல்லடியில் வைத்துவிட்டு, "மொட்டை இங்கேயே" என்றார். அம்மா அழுதாள். ஆத்தா கோபித்துக்கொள்வாளே என்று பயந்து, பல நாள் நான் தம்பியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அந்த ஆத்தாவின் கோயிலை அப்பாவோ அம்மாவோ ஒருமுறைகூடக் கண்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.